ஸ்டே வாங்கிய வயல்

கீழ்வேளூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் இங்கிலீஷ் டீச்சராக இருந்தபோது, ஊரில் ஒரு சுவர் காலியாக இருந்தால் யாராவது அதில் ஒரு கட்சிக் கொடியை வரைந்துவிடுவார்கள். நிலம் உழுகிறவருக்கா, பட்டா வைத்திருக்கிறவருக்கா என்று டீக்கடையில் ஆரம்பிக்கும் பேச்சு கோர்ட்டில் போய் நிற்கும்.

எங்கள் தெரு மிராசுதாருக்கும் அவருடைய வயலைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவருக்கும் அப்படித்தான் வழக்கு வந்தது. மிராசுதார் குத்தகைக்காரரை வெளியேற்றப் பார்த்தார். குத்தகைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். தை மாதம் ஒரு காலையில் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், எங்க வக்கீல் பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்காரு. ஸ்டே கிடைச்சிடுச்சாம். ஸ்டேன்னா என்னங்க?”

“தங்குறதுன்னு அர்த்தம். கோர்ட்ல சொன்னா நிறுத்தி வைக்கிறது. எதை நிறுத்தியிருக்காங்கன்னு நீங்க வக்கீலைத்தான்...”

அவர் முதல் அர்த்தத்தோடு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது அந்த வயலோரம் புதிதாக ஒரு கீற்றுக் கொட்டகை நின்றது. உள்ளே அடுப்பு, பானை, பாய், ஒரு டிரங்குப் பெட்டி. அவர் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“கோர்ட்டு இங்கயே தங்கச் சொல்லிடுச்சாம் டீச்சர். வீட்டுக்குப் போனா உத்தரவ மீறின மாதிரியாம். அந்தா தெரியுது பாருங்க எங்க வீடு. கூப்பிட்டா கேக்கும்.”

மறுநாள் மிராசுதார் என் வீட்டுக்கே வந்தார். இங்கிலீஷ் பேப்பரைத் தெருவுக்கே கேட்கும்படி வாசிக்கிறவர்.

“ஸ்டேன்னா நிறுத்தறதுதானே டீச்சர்?”

“அப்படியும் அர்த்தம் இருக்குங்க. ஆனா...”

“போதும். அறுப்பை நிறுத்தணும். அவ்வளவுதான்.”

அவர் இரண்டாவது அர்த்தத்தோடு போனார். தான் அந்தப் பக்கம் திரும்பினால் இவர்கள் அறுத்துவிடுவார்கள் என்று பயந்து, வயலின் எதிர்க்கரையில் புங்கமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டார். குடை, டிரான்சிஸ்டர், கூஜா எல்லாம் வந்தன. நிறுத்த வந்தவரும் தங்கிவிட்டார்.

நடுவில் சம்பா பழுத்துத் தலை சாய்ந்து கிடந்தது.

பள்ளிக்கூடம் போகும் வழி அந்த வரப்பு என்பதால் நான் மாட்டிக்கொண்டேன்.

“தங்குறவன் குளிக்கப் போலாமா டீச்சர்?” என்று இந்தக் கரையிலிருந்து குத்தகைக்காரர் கேட்பார்.

“போனா அது ஸ்டே இல்லை,” என்று அந்தக் கரையிலிருந்து பதில் வரும்.

“ஐயா, வாய்க்கால்லதான் குளிக்கிறேன். ஒரு கால் வரப்புலயே இருக்கும்.”

வேறு வழியில்லாமல் பள்ளிக்கூடத்துத் தடி அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இந்த ஒரு சொல்லுக்கு அதில் முழுப் பத்தி இருந்தது. பொறுத்திரு, தாங்கிப் பிடி, பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கயிறு. பசியைக் கொஞ்ச நேரம் அடக்குவதற்கும் அதே சொல்தான்.

“பசியாத்துறதும் ஸ்டேதானாங்க?” என்றார் குத்தகைக்காரரின் மனைவி. அன்று மிராசுதாருக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வரவில்லை. வயல்தான் வீடு என்றால் வயலிலேயே சமைத்துக்கொள்ளட்டும் என்று அவர் வீட்டம்மா சொல்லிவிட்டாராம். இந்த அம்மா பழைய சோறும் சுட்ட கத்தரிக்காயும் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போய்க் கட்டிலில் வைத்தார். அதுவரை அந்த மனிதர் அவர்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. சட்டியைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அகராதியில இருக்குங்க,” என்றேன்.

சாப்பிட்டார். இன்னொரு கத்தரிக்காய் உண்டா என்று கேட்டார்.

அதற்கு அடுத்த நாள் கிழக்கே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார்.

“நிறுத்து,” என்றார் மிராசுதார், கட்டிலில் எழுந்து நின்று.

“மொதல்ல மழையை நிறுத்துங்க. அப்புறம் நான் நிறுத்துறேன்.”

அவர் வானத்தைப் பார்த்தார். “அறுக்கலாம். ஆனா ஒரு நெல்லுமணி களத்தைவிட்டு நகரக் கூடாது.”

“அதுவும் ஸ்டேதானே டீச்சர்?” என்றார் குத்தகைக்காரர்.

“அதுவும்தான்,” என்றேன். நான் சொன்னது சரியோ தப்போ, அறுப்பு நடந்தது. தெருவே இறங்கி அறுத்தது. களத்து நெற்போரின் மேல் மிராசுதார் தன் காருக்குப் போடும் தார்ப்பாயைக் கொண்டுவந்து போர்த்தினார்.

மழை விட்டபின் வக்கீல் ஸ்கூட்டரில் வந்தார். கொட்டகையையும் கட்டிலையும் பார்த்து, “இங்க என்ன நடக்குது?” என்றார். கோர்ட் நிறுத்தி வைத்தது வெளியேற்றத்தை மட்டும்தான். அறுப்புக்குத் தடை இல்லை, யாரும் எங்கும் தங்க வேண்டியதில்லை.

“அப்ப நான் வீட்லயே இருந்திருக்கலாமா?” என்றார் குத்தகைக்காரர்.

அவர் மனைவி டிரங்குப் பெட்டியைக் கணவர் தலையில் ஏற்றிவிட்டு முன்னால் நடந்தார்.

வழக்கு அதன்பிறகும் நடந்தது. வாய்தா நாளில் வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில் நாகப்பட்டினம் போய், ஒரே ஓட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு, கோர்ட் வாசலில் பிரிந்து நிற்பார்கள். கடைசியில் வயலில் பாதியை மிராசுதார் குத்தகைக்காரருக்கே எழுதிக்கொடுத்தார். பத்திரம் பதிந்த அன்று இருவருக்கும் சேர்த்து அந்த அம்மா புது அரிசியில் பொங்கல் வைத்தார். எனக்கும் ஒரு தூக்கு வந்தது.