கலிகுலாவும் குட்டி ஆமியும்

2009 வசந்தத்தில் ஒரு ஞாயிறு. லண்டனில், மோர்டனிலிருந்து தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் என் எட்டு வயது மகள், வகுப்பில் பேசுவதற்காக ரோமப் பேரரசன் கலிகுலாவைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். அது அவனுடைய சொந்தப் பெயர் இல்லையாம். தகப்பன் படைத்தளபதி. பாசறையில் சின்னவனுக்குச் சிப்பாய் உடுப்பும் அளவான பூட்ஸும் போட்டுவிட, வீரர்கள் ‘குட்டிப் பூட்ஸ்’ என்று கூப்பிட்டார்களாம். வளர்ந்த பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே அவனுக்கு ஆகாதாம்.

“அப்பா, உங்களுக்குப் பட்டப்பேர் இருந்ததோ?”

இல்லை என்றேன். ரேடியோவைப் போட்டேன்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும். வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்த நாட்கள். மண்டபத்தில் நின்ற எல்லோருக்கும் உறவில் யாரோ ஒருவர் அதற்குள் அகப்பட்டிருந்தார். எங்கள் ஆட்களுக்கோ புதுமுகத்தைக் கண்டால் ஊர் விசாரிக்காமல் தேத்தண்ணி இறங்காது. பாரிஸிலிருந்து வந்து சட்டனில் கடை போட்ட ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். வழக்கம்போல் என் ஊரை மறைத்துப் பக்கத்து ஊரைச் சொன்னேன். படு முட்டாள்தனம். மனிதர் கலியாணம் செய்ததே அந்த ஊரில்தான். எந்த ஒழுங்கை, யாருடைய மகன் என்று விடாமல் கேட்டார். நான் தடுமாற, என் முகத்தையே பார்த்தார்.

“பக்கத்து ஊர்ச் சந்தியிலை ஆமியின்ரை காவல் சென்றி இருந்தது. அதிலை ஒரு சின்னப் பொடியன் நிக்கிறவன். தொப்பியைப் போட்டு சல்யூட் அடிக்க விடுவாங்கள். அவனுக்கு ஊரிலை ஒரு பேர்...”

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். ஆமியோடு நின்றவன் என்றால் காட்டிக்கொடுத்த தலையாட்டி என்றே முடிவு கட்டுவார்கள்.

அவர் என் கையைப் பிடித்திருந்த மகளைக் கண்டார். “இல்லை, அது வேறை ஆள்” என்று சொல்லிவிட்டு ரோல்ஸைக் கடித்தார்.

காரில் ஏறியதும் மகள் அந்தப் பொடியன் யார் என்று கேட்டாள். முன்பின் தெரியாதவர் எனக்காகப் பொய் சொன்ன பிறகு, இவளிடமும் பொய் சொல்ல வெட்கமாக இருந்தது.

“நான்தான். குட்டி ஆமி எண்டு கூப்பிடுவினம்.”

ஏன் அங்கே போனீர்கள் என்றாள். அம்மாதான் தலைவாரி அனுப்புவா என்றேன். நான் அங்கே விளையாடிக்கொண்டு நின்றால் அவர்கள் எங்கள் வீட்டைச் சோதிக்க வரமாட்டார்கள். வீட்டுக்குள், ஆமி கண்டால் பிடித்துப்போகும் வயதில் என் இரண்டு அண்ணைமார் இருந்தார்கள்.

அவள் முன்னுக்குச் சாய்ந்தாள்.

“பூட்ஸும் தந்தவையோ?”

“இல்லை. வெறுங்கால்தான்.”