திரும்பி வராத கோடுகள்

1961ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் நனைந்தபடி, எங்கள் திண்டுக்கல் கல்லூரியின் இயற்பியல் பட்டறைக்குத் தற்காலிகப் பணியாளராக வந்து சேர்ந்தார் சூசைமுத்து. அதுவரை பூட்டுப் பட்டறையில் வில் தகடு வளைத்தவர். நான் அக்கல்லூரியில் விரிவுரையாளர்.

ஒரு சிறு கண்ணாடியை மயிரிழையின் நூற்றில் ஒரு பங்கு நகர்த்தும் கருவி எங்களுக்கு வேண்டியிருந்தது. அதே கருவி ஒரு மயிரிழைத் தொலைவு முழுவதும் நகர்த்தவும் வேண்டும். பங்குனியில் பல்கலைக்கழகக் குழு வரும்போது அது இயங்கினால் பட்டறை நிலைக்கும். இல்லையேல் அது கிடங்காகும், சூசைமுத்துவின் வேலையும் போகும்.

திருகால் தள்ளினால் உராய்ந்து தாவும். ஆகவே நான்கு மெல்லிய வில் தகடுகளின்மேல் ஒரு பலகையைப் பொருத்தினோம். தகடுகள் வளைய, பலகை வழுக்காமல் நகரும். தள்ளுவதற்கு, பழைய கிராமபோனின் முள்பகுதியிலிருந்து எடுத்த படிகம். மின்சாரம் கொடுத்தால் அது இம்மியளவு வளையும். மஞ்சள் விளக்கொளியில் கண்ணாடியில் தெரியும் ஒளிக் கோடுகள் இடம் மாறுவதுதான் எங்கள் அளவுகோல்.

கோடுகள் நகர்ந்தன. ஆனால், மின்சாரத்தை நிறுத்தினால் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. தகட்டை மாற்றினோம், படிகத்தை மாற்றினோம், மேசையையே மாற்றினோம். பயனில்லை.

பட்டறையைக் கூட்டிப் பெருக்க வரும் ராமுத்தாய் சும்மா இருப்பாளா? "ஏண்ணே, இந்தத் தேரு எப்பண்ணே நிலைய விட்டுக் கிளம்பும்?"

"அது கிளம்பி எம்புட்டு நேரமாச்சு. ஒங் கண்ணுக்குத்தான் தெரியல, போ" என்பார் சூசைமுத்து.

மாசியில் ஒரு மாலை, மறந்து வைத்த குடையை எடுக்கத் திரும்பினேன். சூசைமுத்து தகடுகளின் இடுக்குகளில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுறீங்க?"

"தெனமும் விடுறதுதான், டீச்சரம்மா. எண்ணெ போடாத பூட்ட எங்க பட்டறையில கைய விட்டு எறக்க மாட்டோம்."

எனக்கு அழுகையே வந்தது. தகடுகளை இறுகப் பிடிக்க வேண்டிய இணைப்புகள் அத்தனையும் எண்ணெயில் நழுவிக்கொண்டிருந்தன. நான் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். இருவருமாகக் கழற்றி, எரிசாராயத்தால் துடைத்துப் பூட்டினோம். மறுநாள் கோடுகள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பின.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. படிகம் நான்கு கோடுகளுக்குமேல் நகர்த்தவில்லை. தொலைவைக் கூட்ட நெம்புகோல் வைத்தோம். அது சுழல ஓர் அச்சாணி வேண்டும். எண்ணெய் விடாவிட்டால் ஆணி சிக்கியது, விட்டால் நழுவியது. வெயில் ஏற ஏறப் படிகமும் சோர்ந்தது.

"சனியன், ரெண்டுல ஒண்ணத்தான் தருவேங்குது!" என்று அரத்தை வீசினார் சூசைமுத்து.

குழுவினர் வந்தார்கள். நெம்புகோலில்லாமல் நுட்பமாக நகர்ந்தது; நெம்புகோலோடு தொலைவு சென்றது, திரும்பவில்லை. சித்திரையில் பட்டறை கிடங்காயிற்று. அவர் பூட்டு வேலைக்கே திரும்பினார்.

1966இல் அவர் மருத்துவமனையில் இருப்பதாக அறிந்து போனேன். இருமலுக்கிடையே என் கையைப் பற்றினார்.

"இணைப்பு இருக்கிறதாலதான நழுவுது, டீச்சரம்மா? இணைப்பே வேணாம். தகடு, பலகை, நெம்புகோல் எல்லாத்தையும் ஒரே கட்டியிலருந்து அறுத்து எடுத்துருவோம். ஆணி நிக்கிற எடத்துல இரும்ப மெலிசா விட்டா அதுவே வளையும். ஒரு வெரல் கனத்துல நல்ல எஃகு ஒண்ணு மட்டும் வாங்கிட்டு வாரீங்களா?"