பேகம்பூர் மாடியில் ஒரு வெளிச்சம்

சின்னாளபட்டியில் தறிக்கார வீட்டில் பிறந்த அழகம்மாள், திண்டுக்கல் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தாள். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் தட்டிக்கழித்தவள். அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா 1957இல் சீமைக்குத் திரும்பியபோது, தன்னுடைய பெட்டிக் கேமராவை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பிடித்தது அந்தக் கிறுக்கு.

விடுமுறை வந்தால் போதும், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். தாடிக்கொம்புக் கோயில் தூண்கள், தண்ணீர் தளும்பும் ஆத்தூர் அணை, மேகம் இறங்கிய சிறுமலை, அய்யலூர்ச் சந்தை வழியில் ஆடுகள் கிளப்பும் புழுதி, எல்லாம் அவள் பெட்டிக்குள் வந்தன.

"சம்பளத்தப் பூராம் கல்லையும் மண்ணையும் படம் புடிச்சே கரைக்குதே இந்தப் பொண்ணு" என்று வார்டு ஆயா பேச்சாயி தலையிலடித்துக்கொள்வாள். அழகம்மாள் சிரித்துக்கொண்டே ஊசி மருந்தை எடுக்கப் போய்விடுவாள்.

அந்தப் படங்களை ஆசையாகப் பார்க்கவும் ஒருத்தி இருந்தாள். அதே ஊரில் பேகம்பூரில் இருந்த ஆரிபா. அவளுடைய இரண்டாவது பிரசவம் சிக்கலானபோது அழகம்மாள் பக்கத்தைவிட்டு நகராமல் இருந்து பார்த்தாள். அதில் ஒட்டிக்கொண்ட உறவு. ஆரிபாவின் கணவர் கிதர் முகம்மது தோல் மண்டி வைத்திருந்தார். தன்மையான மனிதர். ஆனால் வீட்டுப் பெண்கள் ஊர் சுற்றிப் பார்ப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

ஒருநாள் மொட்டைமாடியில் நின்று ஆரிபா மலைக்கோட்டையைக் காட்டினாள்.

"பொறந்ததுலேர்ந்து இதப் பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா. ஒருநாளும் ஏறுனதில்ல. அங்கேர்ந்து பாத்தா நம்ம வீடு தெரியுமா?"

"தெரியாம என்ன? படம் புடிச்சிட்டு வாரேன், நீயே பாரு."

அடையாளத்துக்கு மாடியில் வெள்ளை வேட்டியை விரித்துப் போடுவதென்று பேச்சு. அழகம்மாள் பாறைப்படி ஏறிப்போய்ப் படம் எடுத்தாள். கழுவி வந்த படத்தைப் பார்த்தால் எல்லா மாடியிலும் வெள்ளையாகத் துணி காய்ந்தது. அன்றைக்கென்று ஊரே துவைத்திருந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"அடுத்த வாட்டி வெயில்ல கண்ணாடியக் காட்டுறேன்க்கா" என்றாள் ஆரிபா.

அடுத்த ஞாயிறு காலை அழகம்மாள் கோட்டைச் சுவரோரம் காத்து நின்றாள். காற்று முந்தானையைப் பிடுங்கியது. கீழே கூரைகளுக்கு நடுவில் சட்டென்று ஒரு பொட்டு மின்னியது. அணைந்தது. மறுபடி மின்னி நடுங்கியது. இத்தனை நாள் எத்தனையோ இடங்களை அவள் பார்த்திருக்கிறாள். ஓர் இடம் அவளைத் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். கீழே தெரியாது என்று தெரிந்தும் கையை ஆட்டினாள். பிறகுதான் படம் எடுக்க நினைவு வந்தது.

படத்தைக் கையில் வாங்கிய கிதர் முகம்மது, "இதென்ன, நடுவுல ஓட்டை விழுந்திருக்கு?" என்றார்.

"ஓட்டையில்ல. அது நாந்தான்" என்றாள் ஆரிபா.

அவர் வாசல் வெளிச்சத்துக்குப் போய் வெகுநேரம் பார்த்தார். "இம்புட்டுத்தான் தெரியிறியா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த வார முடிவில் அவரே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்.

"நர்ஸம்மா, நாளைக்குக் கோட்டைக்குப் போறீகளா? எங்களையும் செத்த கூட்டிட்டுப் போங்க."

கைக்குழந்தையை அவர் தூக்கிக்கொள்ள, பெரியவளை ஆரிபா கையில் பிடித்துக்கொள்ள, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்கள். உச்சிக்குப் போனதும் கிதர் முகம்மது வீடு இருக்கும் திசையைக் காட்டினார். ஆரிபா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்ததோடு சரி. எதிர்ப்பக்கம் போய்ச் சிறுமலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மலைக்கு அங்கிட்டு என்ன ஊருக்கா?"

"நத்தம்."

"அதுக்கும் அங்கிட்டு?"

"நானே போனதில்லயே தாயி."

"அப்ப ஒருநா போவோம்" என்றாள் ஆரிபா, சந்தைக்குப் போகிறவள் மாதிரி சாதாரணமாக. பிறகு கேமராவைக் கேட்டு வாங்கி, "நீங்க நில்லுங்க. ஊரையெல்லாம் புடிச்சீக, ஒங்கள யாரு புடிச்சா?" என்றாள்.

அந்தப் படம் சாய்ந்து வந்தது. முந்தானை பறந்து பாதி முகத்தை மறைத்திருந்தது. அழகம்மாள் அதைத்தான் சட்டம் போட்டு மாட்டினாள்.

நத்தத்துக்கும் போனார்கள். அதற்கப்புறம் மாதம் ஒரு பயணமாவது இருந்தது. சில சமயம் கிதர் முகம்மதும் தூக்குவாளியோடு கூட வந்தார். 1964இல் அழகம்மாளுக்கு வடமதுரைக்கு வேலை மாறியது. அப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆரிபாவைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் இறக்கிவிடச் சொல்லிவிட்டு மண்டிக்குத் திரும்புவார். வடமதுரை பஸ் ஸ்டாண்டில் அழகம்மாள் புது பிலிம் சுருள் போட்ட கேமராவோடு நின்றுகொண்டிருப்பாள்.