டேப்பின் மறுமுனை

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மார்கழி மாதம் உத்திரமேரூரில் நடந்தது இது. அப்போது நான் சென்னையில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்.

அந்த வருஷம் மாணவர்களைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனார்கள். உப்பு ஏரிக்கரையில் இருக்கும் அந்த அமைதியான ஊரில் தெருத்தெருவாக நடந்து, பழைய கட்டடங்களைப் பார்த்து, ஒன்றையாவது அளந்து வரைய வேண்டும். அந்த வரைபடம் இல்லாமல் தேர்ச்சி கிடையாது. பெண்பிள்ளை தங்க வசதி இல்லை என்று என்னை மட்டும் விட்டுவிட்டார்கள். விடுதி அறையில் உட்கார்ந்து அழ என் சுபாவம் இடம் கொடுக்கவில்லை. நேரே ஆசிரியரிடம் போனேன். வேறு ஊருக்கு நானே தனியாகப் போய் நடந்து பார்த்து வரைந்து வருகிறேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே, திங்கட்கிழமை தாள்கள் மேஜைக்கு வராவிட்டால் அடுத்த வருஷமும் இதே வகுப்புதான் என்றார். எனக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. ஒரு தடவை தவறினாலும் படிப்பை நிறுத்திக் கல்யாணம்தான் என்று அப்பா முன்பே சொல்லிவிட்டார்.

உத்திரமேரூரில் சித்தி வீடு இருந்தது. போக வேண்டிய வழியை நானே வகுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சுந்தர வரதர் கோயிலும் கைலாசநாதர் கோயிலும். சனிக்கிழமை நடந்தே திருப்புலிவனம். ஞாயிற்றுக்கிழமை வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம். முதல் இரண்டு நாளும் பார்த்து வரைந்ததோடு சரி, கால் வலித்ததே தவிர கஷ்டமில்லை. மண்டபத்தைத்தான் அளந்து வரைவதாக இருந்தேன். அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

என்னிடம் தோல் உறைக்குள் சுருட்டிய துணி டேப் இருந்தது. அதன் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். சித்தியைக் கூப்பிட்டால், நடுத்தெருவில் சுவரை அளந்துகொண்டு நின்றால் ஊர் சிரிக்கும் என்று மறுத்துவிட்டாள். வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள்கூட டேப்பைப் பார்த்ததும் நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு வண்டிக்காரர் மாட்டை அதட்டி ஓட்டிக்கொண்டு போயேவிட்டார். சரி, உங்கள் தயவே வேண்டாம் என்று மறுமுனையில் ஒரு செங்கல்லை வைத்து அளக்க ஆரம்பித்தேன். காற்றில் டேப் நழுவும். ஓடிப் போய் வைப்பேன். திரும்பி வருவதற்குள் மறுபடி நழுவும். மத்தியானம் தாண்டியும் ஒரு பக்கம்கூட முடியவில்லை.

ரோட்டோரத்தில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் நின்று வெகுநேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழனி வேலை முடித்துத் திரும்புகிறவள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். "அக்கா, இதைக் கொஞ்சம் பிடியுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"நான் மாட்டம்மா. எங்க வூட்டுக்காரு சர்வேயருக்கு நெலம் அளக்குற சங்கிலி புடிச்சாரு. அந்தச் சங்கிலி எங்க வூட்டு மேலயே போச்சு. வெறும் எடம்னு காயிதத்துல எய்திக்கினு போயிட்டாங்க. இப்போ காலி பண்ணுன்றாங்க."

வண்டிக்காரர் ஏன் மாட்டை விரட்டினார் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு, அளக்க வருகிறவருக்குக் கை கொடுப்பது தன் வீட்டைத் தானே இடிப்பதற்குச் சமம். நான் நிலம் அளக்க வரவில்லை, படிப்புக்காக வரைகிறேன் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நம்பவில்லை. பேச்சுவாக்கில் சுவரில் வெட்டியிருந்த எழுத்துகளைக் காட்டி, அந்தக் காலத்து ஊர்ச்சபைக்கு நிற்கிறவனுக்குச் சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும் என்று இதில் இருக்கிறது என்றேன். அவள் புல்லுக்கட்டை இறக்கி வைத்தாள்.

"வூட்டப் பத்திக் கல்லுலயே வெட்டி வெச்சிக்கீறாங்க. எங்க வூட்டக் காயிதத்துலகூட எய்தல" என்றாள். பிறகு, "நான் புடிக்கிறேன். மொதல்ல என் வூட்ட அளந்து வரை. வூடுன்னே போடு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பொழுது சாய்வதற்குள் மண்டபமே முடியுமா என்று தெரியவில்லை. ஆனாலும் வேறு வழியில்லாமல் அவள் பின்னால் போனேன்.

ஏரிக்கரைக்குக் கீழே மண்சுவர், பனையோலைக் கூரை. குனிந்துதான் நுழைய வேண்டும். டேப்பைப் பார்த்ததும் அக்கம்பக்கத்தார் முகம் கடுத்து வெளியே வந்தார்கள். படிக்கிற பொண்ணு, நான்தான் கூட்டியாந்தேன் என்று அவளே சமாதானம் சொன்னாள். டேப்பின் முனையை இரண்டு கையாலும் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அடுப்பு இங்கே, அம்மி இங்கே, வாசலில் தாங்கள் வைத்த வேப்பமரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, நான் கோடு போடும் வரை நகரவில்லை. என் எரிச்சல் எப்போது போனதென்று தெரியவில்லை. யாரும் கேட்காமலே உறியையும் வரைந்தேன்.

பிறகு சொன்ன சொல் தவறாமல் மண்டபத்துக்கு வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெளிச்சுவரைச் சுற்றி மூலைக்கு மூலை அவள் பிடிக்கப் பிடிக்க, நான் குறித்தேன். கண் தெரியாமல் இருட்டும்போது வேலை முடிந்திருந்தது.

திங்கட்கிழமை ஆசிரியர் மண்டபத்தைப் பார்த்துத் தலையசைத்தார். கடைசித் தாளுக்கு வந்ததும் முகம் சுளித்தார். இதென்ன குடிசை, இது கட்டடக்கலையா, எடுத்துவிடு என்றார். அப்பாவும் கல்யாணமும் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

"இந்த வீட்டுக்காரிதான் சார் மறுமுனையைப் பிடித்தாள். இதை எடுத்தால் மண்டபத்து அளவுகளையும் எடுத்துவிடுங்கள்."

அவர் அந்தத் தாளை எடுக்கவில்லை. தேர்ச்சிக்கு எவ்வளவு மார்க் வேண்டுமோ அவ்வளவுதான் போட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

தை பிறந்ததும் அவளுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனேன். ஏரிக்கரைக்குக் கீழே வேப்பமரம் மட்டும்தான் நின்றது. சாலவாக்கம் பக்கம் போய்விட்டார்கள் என்று கடைத்தெருவில் சொன்னார்கள். அங்கும் போய் விசாரித்தேன், கிடைக்கவில்லை. கடைசி பஸ்ஸில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே திரும்பினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ மனைகளுக்கு வரைபடம் போட்டிருக்கிறேன். 'காலி இடம்' என்று எழுதிய தாள் என் மேஜைக்கு வந்தால், நேரில் போய், அங்கே அடுப்பு எரிகிறதா என்று என் கண்ணால் பார்க்காமல், இன்றுவரை நான் கையெழுத்துப் போடுவதில்லை.