பாடைக்கு ஐந்து பேர்

"வாழ்வுக்கு ஊரே வரும், சாவுக்கு நாலு பேர் போதும்" என்பார்கள் எங்கள் ஆட்கள். அந்த ஆண்டு கலகம் என்று ரங்கூனில் பட்டாளத்தை இறக்கிய துரைமார்களுக்கும் அதே கணக்குதான். தெருவில் நாலு பேருக்கு மேல் சேர்ந்து போனால் குற்றம்.

துறைமுகக் கூலி ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார். பாடைக்கு நாங்கள் நால்வர். கொள்ளிச்சட்டியோடு முன்னால் அவர் தம்பி. லான்மடாவ் தெரு முனையில் சிப்பாய் எண்ணிப் பார்த்து மறித்தான். பிணத்தையும் சேர்த்து எண்ணாமல் விட்டானே, அதுவே புண்ணியம்.

"அண்ணே, நான் தனியா முன்னாடி போயிடுறேன். நீங்க நாலு பேரா பின்னாடி வாங்க" என்றான் தம்பி.

சட்டத்துக்கு அவ்வளவு பணிந்தவன்! அடுத்த முனையில், கலக நேரத்தில் நெருப்போடு தனியே திரிகிறான் என்று அவனைப் பிடித்துவிட்டார்கள். பாடையோடு நாங்களும் கோர்ட்டுக் கச்சேரி வாசலுக்கு ஓடினோம்.

நீதிபதி நாற்காலியில் பட்டாளத்துத் துரை. "எதைக் கொளுத்தப் போனாய்?" என்று துபாஷியை விட்டுத் தமிழில் கேட்டார்.

"எங்க அண்ணனத்தான், சாமி."

குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று எழுதி, மூன்று மாதம் போட்டார். சட்டியைச் சாட்சிப் பொருளாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே நாங்கள் பாடையைத் தூக்கினோம். ஒருவனும் மறிக்கவில்லை; கொள்ளி வைக்கத்தான் ஆளில்லை.