தறி நிறுத்திய வீடு

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி சோமனூருக்குக் குடிவந்த புதிது. கோவையில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்த, பார்வையில்லாத ஒரு மாணவிக்குப் பாடங்களை வாசித்து கேசட்டில் பதிந்து தர ஒப்புக்கொண்டேன். வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது. பகலெல்லாம் எனக்கு வேலையும் இல்லை.

முதல் கேசட்டைக் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தவள் சிரித்தாள். “நல்லாத்தான் படிக்கறீங்க அக்கா. ஆனா தறிச் சத்தத்துல எந்த ராசா எந்த ஊர ஆண்டாருன்னே தெரியலீங்க.”

பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்சாதியும் கூலிக்கு விசைத்தறி ஓட்டினார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கதவைச் சாத்தியும், போர்வைக்குள் உட்கார்ந்தும் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் அந்த வீட்டு அக்காவிடம் போய், சாப்பாட்டுக்கு எப்போது தறியை நிறுத்துவார்கள் என்று மட்டும் கேட்டேன்.

“எதுக்குங்க அம்மணி?”

விஷயத்தைச் சொன்னேன். உள்ளே எட்டிப் பார்த்துப் புருஷனிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார்.

“தெனம் நாலு மணிக்கு நிறுத்திப்போடறோமுங்க. படிச்சு முடிச்சதும் ஒரு கொரல் குடுங்க.”

“கூலி கொறையுமே அக்கா?”

“கொறஞ்சாக் கொறையுது. அந்தப் புள்ள பாஸ் பண்ணோணுமில்லீங்களா?”

மறுநாள் நாலு மணிக்குத் தெருவே திடீரென்று அமைதியானதுபோல் இருந்தது. நான் கொடுத்தது சும்மா கிடந்த பொழுது. அவர்கள் கொடுத்தது பிழைப்பு நேரம்.

சில நாளில் அந்த அக்காவும் பஞ்சு ஒட்டிய சேலையோடு வந்து, சுவரோரம் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். பரீட்சை நெருங்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்து குரலே எழவில்லை. அவர்தான் புத்தகத்தை எடுத்தார்.

“பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க. நான் படிச்சா அந்தப் புள்ளைக்குப் புரியுங்களா?”

வரிக்கு வரி விரல் வைத்து, நிதானமாக வாசித்தார். ஓர் இளவரசன் தகப்பனையே சிறையில் போட்ட இடம் வந்ததும், “அடப் பாவி!” என்றார். அதுவும் பதிவாகிவிட்டது. அழித்துவிடலாம் என்று நான் சைகை காட்டினேன். அவர் கவனிக்கவேயில்லை, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

பரீட்சை முடிந்து வந்த மாணவி முதலில் தேடியது அவரைத்தான். “நீங்க படிச்ச பாடம் ஒரு வரிகூட மறக்கலீங்கக்கா. கத கேட்டாப்பல இருந்துச்சு.” அக்கா வெட்கத்தோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் நல்ல மார்க்கோடு தேறினாள். அடுத்த வருஷம், தன்னைப் போலவே பார்வையில்லாத தோழி ஒருத்தியையும் அழைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் கொண்டுவந்த பொருளாதாரப் புத்தகம் தடிமனாக இருந்தது. அக்கா அதைப் புரட்டிப் பார்த்தார்.

“முன்பாதி நீங்க படிங்க அம்மணி. பின்பாதிய நான் பாத்துக்கறேன்.”