பிலோமினா அக்கா கை உயர்த்திய நாள்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது மனைவி அழைத்தாள். "பிலோமினா அக்கா மோசம் போயிட்டாவாம், விடியக்காலமை உயிர் போனதாம்" என்றாள். "என்னப்பா, கேட்டதே?" என்று திரும்பக் கேட்டாள். கேட்டது. நான் இறங்கவேண்டிய நிலையம் கடந்து போயிற்று.

எங்கள் தேவாலயப் பங்கில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. மன்னாரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவர். பங்குப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் பல வருடங்கள் வேலை செய்து, பிறகு கவுன்சிலரானவர். இதை வாசிக்கும் பங்கு மக்களே, உங்களில் பலர் பின்னால் அவரைப் பதவி விலகச் சொன்ன மனுவில் கையெழுத்திட்டவர்கள். அந்த மனுவை வீடு வீடாகக் கொண்டுவந்தவன் நான்.

பள்ளிக்கூடம் மூடப்பட்ட கடைசி நாளில் மண்டபத்தில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், வேறு வழியில்லை என்று ஒருவர் பேசினார். சமையலறை வாசலில் ஏப்ரனோடு நின்ற அக்கா இடைமறித்தார். "பிள்ளையள் தானாய்க் குறையேல்லை. வாடகை குடுக்க ஏலாமல் தாய்தகப்பன்மார் இந்த இடத்தை விட்டுப் போனவை. அதைச் சொல்லுங்கோ." ஆங்கிலத்திலும் அதையே சொன்னார். அவரைத் தேர்தலில் நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

நிறுத்தினோம். மழையில் தெருத் தெருவாக அவரோடு நடந்தேன். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி: பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தை என்ன செய்யப்போகிறார்கள்? கவுன்சில் அதை வாங்கி, வீடில்லாத குடும்பங்களைக் குடியேற்றப்போகிறது என்று அப்போதே பேச்சு அடிபட்டது. அக்கா ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்: "உங்கட விருப்பத்துக்கு மாறாய் நான் கை உயர்த்தமாட்டன்." என் வாசலிலும் அதைத்தான் சொன்னார். வென்றார்.

பிறகு கவுன்சில் எங்களிடம் கருத்துக் கேட்டது. எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள். தெருவில் வாகன நெரிசல் கூடும், சத்தம் கூடும் என்று நானும் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்த நாட்களில் ஒரு மாலை அக்கா என்னைப் போனில் அழைத்தார்.

"தம்பி, குரோய்டனிலை வீடில்லாத குடும்பத்தைக் கவுன்சில் வைச்சிருக்கிற ஒரு ஹோட்டல் அறையைப் பாத்திட்டு வாறன். ஒரு தாயும் மூண்டு பிள்ளையளும். கட்டிலிலை இருந்துதான் சாப்பாடு, கட்டிலிலை இருந்துதான் வீட்டுப்பாடம். நாளைக்கு ஒருக்கா என்னோடை வாரும்."

"எனக்கு ஷிப்ட் அக்கா."

"வந்த புதிசிலை நீரும் இப்பிடி ஒரு அறையிலை இருந்தனீர்தானே?"

"அதாலைதான் வேண்டாம் எண்டுறன்."

"சரி தம்பி" என்று வைத்துவிட்டார். அடுத்த நாள் எனக்கு ஷிப்ட் இருக்கவில்லை.

வாக்கெடுப்பு நாளில் கவுன்சில் மண்டபத்தின் பார்வையாளர் பகுதி நிறைந்திருந்தது. பள்ளிக்கூடத்தை வாங்குவதற்கு ஆதரவானவர்கள் கை உயர்த்தும்படி கேட்டபோது அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கையை உயர்த்தினார். மற்றவர்கள் ஆங்கிலத்தில் கத்தினார்கள். நான் தமிழில் "பொய்க்காரி!" என்று கத்தினேன். அந்த மண்டபத்தில் அது யாருக்கு விளங்கவேண்டுமோ அவருக்கு விளங்கியது.

வெளியே வரும்போது படிக்கட்டில் எனக்காக நின்றார். நான் விலகப் பார்த்தேன்.

"நில்லும் தம்பி. நீர் சொன்னது சரி. உங்களுக்குத் தந்த வாக்கை மீறிப்போட்டன். அது பிழைதான். கை உயர்த்தாமல் இருந்தாலும் பிழைதான். எது சின்னப் பிழையெண்டு எனக்குத் தெரியேல்லை."

அந்த வாரமே நான் மனுவோடு வீடு வீடாகப் போனேன். அடுத்த தேர்தலில் அக்கா தோற்றார். எங்கள் தெருக்களே அவரைத் தோற்கடித்தன. ஞாயிறு பூசையில் அவர் அமர்ந்த மர வாங்கில், அந்த நீண்ட பெஞ்சில், இடம் மிச்சம் இருந்தது. நாங்கள் வேறு வாங்குகளில் நெருங்கி உட்கார்ந்தோம். அவர் அதே பூசைக்கு, அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் குடும்பங்கள் குடியேறின. நாங்கள் பயந்ததில் சில நடந்தன. இரண்டு தடவை பொலிஸ் வந்தது. காலையில் கார் நிறுத்த இடமில்லை. கூரை ஒழுகியது, கவுன்சில் திருத்த வரவில்லை. பதவி இல்லாத அக்காதான் அந்தக் குடும்பங்களின் முறைப்பாடுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். சொன்னதைச் செய்யாத கவுன்சிலோடு அவர் சண்டை பிடித்ததை நாங்கள் எங்கள் வாதத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். "பாத்தீங்களே, அவவுக்கே இப்ப விளங்குது" என்று கோயில் முற்றத்தில் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அவர் வருத்தமாய்ப் படுக்கையில் கிடக்கிறார் என்று தெரிந்தபின் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் "அக்கா, அண்டைக்கு நான்..." என்றேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிப்புக் கேட்கவேண்டாம். நீர் கேட்டால் நானும் கேட்கவேணும். எனக்கு இப்ப மூச்சு காணாது."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் எழும்பி வந்தேன்.

அவர் செய்தது சரி என்று இன்றும் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. வாக்குக் கேட்டவர் தந்த வாக்கை மீறினார். அதை மரணம் அழித்துவிடாது. ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தப் படிக்கட்டில் அவர் நின்ற விதத்தை. தன் பிழையை, கேட்கவேண்டியவனின் முகத்தைப் பார்த்து அவர் சொன்னார். என்னுடையதை அவர் இல்லாதபோது, உங்களிடம் சொல்கிறேன். நான் பயந்தது வாகன நெரிசலுக்கு அல்ல. பள்ளிக்கூட வாசல் படலையைத் திறந்துகொண்டு வருபவர்கள் ஒரு காலத்து என்னைப் போலவே இருப்பார்கள் என்பதற்குத்தான்.